கட்சீன் ஓடும்போது கூட்டாளி எங்கே? ஃபைனல் ஃபேன்டஸி 14 மதிப்புரை

எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒரு கோட்டைக்குள் நுழைகிறார்கள். ஏழு பேர் அதைப் பல தடவை முடித்தவர்கள், ஒருவர் மட்டும் புதியவர். உள்ளே போனதும் கட்சீன், அதாவது கதை சொல்லும் படக்காட்சி, தொடங்குகிறது. ஏழு பேரும் அதைத் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். புதியவர் பார்த்து முடிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை, முதல் பாஸ் (பெரிய எதிரி) செத்துக் கிடக்கிறது. அவர் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அடுத்த கட்சீன். ஐம்பது லெவல் ஏறி வந்து மோத வேண்டிய எதிரியை அவர் உருப்படியாக ஒரு அடிகூட அடிக்கவில்லை. 2013 ஆகஸ்டில் வந்த 'எ ரெல்ம் ரீபார்ன்' பதிப்பின் (கீழே முதல் பதிப்பு என்று வருவது இதுதான்) கதை முடியும் இடங்கள் காஸ்ட்ரம் மெரிடியானம், ப்ரிட்டோரியம் என்ற இரண்டு டஞ்சன்கள், அதாவது கூட்டமாக நுழைந்து சண்டை போடும் இடங்கள். அவை பல வருஷம் இப்படித்தான் ஓடின.

ஸ்கொயர் எனிக்ஸின் ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ வாங்கலாமா என்பதை இந்த ஒரு கோணத்திலிருந்து மட்டும் பார்க்கிறோம்: கதையை முழுதாகப் பார்க்க நினைக்கிறவரும், நாலு பேரோடு சேர்ந்து சண்டை போட நினைக்கிறவரும் இதில் எவ்வளவு ஒத்துப்போக முடியும்? ஆன்லைன் ஆர்பிஜிகளில் (பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில்) கதைக்கு இவ்வளவு இடம் கொடுத்தது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். அதனால் இந்தச் சிக்கலில் அதிகம் அடிபட்டதும், அதிகம் கற்றுக்கொண்டதும் இதுதான்.

கட்சீன் நீளமாக இருப்பதைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். நீளம் ஒரு குறையே இல்லை. தனியாக இருக்கும்போது முக்கால் மணி நேரக் காட்சி ஓடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் பார்க்கிற நேரத்தை இன்னொருவர் சண்டை போடுகிற நேரத்துக்குள் திணிக்கும்போதுதான் இருவருக்கும் கெடுகிறது. பழைய ப்ரிட்டோரியத்தின் தவறு அதுதான். அந்த அமைப்பில் பார்ப்பவரும் தோற்றார், காத்திருப்பவரும் தோற்றார்.

அதைத் திருத்த அவர்கள் எடுத்த முதல் முயற்சி முரட்டு வைத்தியம். 2018 ஜனவரியில் வந்த 4.2 பேட்சில் (புதுப்பிப்பில்) அந்த இரண்டு டஞ்சன்களிலும் கட்சீனைத் தள்ள முடியாதபடி செய்தார்கள். புதியவருக்கு நியாயம் கிடைத்தது உண்மை. இனி யாரும் அவரை விட்டு ஓட முடியாது. ஆனால் தினசரி ரூலெட் (ஏதோ ஒரு டஞ்சனுக்கு ஆட்டமே அனுப்பும் முறை) பரிசுக்காக வரும் பழைய ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே மனப்பாடமான காட்சிகளை ஒவ்வொரு நாளும் முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஆட்களை வரவழைக்க அனுபவப் புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்தார்கள். வந்தார்கள், காட்சி ஓடும்போது எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

சரியான திருத்தம் 2022 ஏப்ரலில், 6.1 பேட்சில்தான் வந்தது. எட்டுப் பேர் டஞ்சன்களை நான்கு பேராகக் குறைத்தார்கள். ப்ரிட்டோரியத்தின் கடைசிப் பகுதியைப் பிரித்து போர்ட்டா டெக்குமானா என்று வேறொரு சண்டையாக்கினார்கள். அதற்கு முன்பு வரும் கேப் வெஸ்ட்விண்ட், எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும் சண்டையாக இருந்தது. அதை ஒருவர் மட்டும் ஆடும் கதைச் சண்டையாக மாற்றினார்கள். எந்தக் காட்சி ஒருவருக்கு உரியது, எது கூட்டத்துக்கு உரியது என்று பிரித்துப் பார்த்த வேலை இது. இப்போதும் அந்த டஞ்சன்களுக்குள் கட்சீனைத் தள்ள முடியாதுதான், ஆனால் துண்டு துண்டாக வருவதால் உட்கார முடிகிறது.

பிற்காலத்து டஞ்சன்களைப் பார்த்தால் அந்தப் பாடம் வடிவமைப்பிலேயே இறங்கியிருப்பது தெரியும். கதையின் கனமான காட்சிகள் டஞ்சனுக்கு முன்னால், கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. மிச்சம் வெளியே வந்தபின் தொடர்கிறது. உள்ளே இருப்பவை பாஸ் தலைகாட்டும் சில நொடிக் காட்சிகளும், கடைசி அடி விழுந்தபின் ஒரு முடிவுக் காட்சியும்தான். முடிவுக் காட்சியை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்ற மூவரும் கிளம்பிப் போனாலும் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

இதோடு சேர்ந்து வேலை செய்யும் சின்னச் சின்ன ஏற்பாடுகளையும் சொல்ல வேண்டும். கட்சீன் பார்க்கிறவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தனிக் குறி வரும். ஆள் விட்டுப் போகவில்லை, காட்சி பார்க்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். கூட்டத்தில் யாராவது முதல் முறை வந்திருந்தால், நுழையும்போதே அதைச் சொல்லி, முடித்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு என்றும் அறிவிக்கிறது ஆட்டம். பொறுமையாக இருங்கள் என்று கெஞ்சுவதைவிட, பொறுமைக்குக் கூலி கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் லெவல் 15 டஞ்சனுக்கு வந்தாலும் அவர்கள் லெவல் அங்கே இறக்கப்பட்டுவிடும். ஒரே வெட்டில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓட வழியில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய டஞ்சனுக்கும் இன்று ஆள் கிடைப்பது இந்த ரூலெட் ஏற்பாட்டால்தான்.

புதியவர் செய்ய வேண்டியவை சில உண்டு. கட்சீன் ஓடும்போது சாட் பெட்டி மறைந்துவிடும், நீங்களும் எழுத முடியாது. ஆகவே நுழைந்தவுடன், முதல் காட்சி வருவதற்கு முன்பே, முதல் முறை வருகிறேன், கட்சீன் பார்ப்பேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதினால் பெரும்பாலும் பாஸ் முன்னால் நின்று காத்திருப்பார்கள். எழுதாவிட்டால் காத்திருக்க மாட்டார்கள், அது அவர்கள் தவறும் அல்ல. ஆள் சேர்த்துத் தரும் டியூட்டி ஃபைண்டரில் க்யூவில் நின்றுகொண்டு நீளமான கதைக் காட்சியைத் தொடங்காதீர்கள். அழைப்பு வந்தால் ஒப்புக்கொள்ள 45 நொடிதான் இருக்கும். நடுவில் வெளியேறினால் 30 நிமிஷம் மறுபடி க்யூவில் சேர முடியாது. பெரிய காட்சிகளுக்கு முன்னால், தொடர்ந்து பல கட்சீன்கள் வரப்போகின்றன, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்று ஆட்டமே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் அதை நம்புங்கள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு உட்காரும் நேரம் அல்ல அது. தவறவிட்டாலும் விடுதி அறையில் இருக்கும் 'அன்எண்டிங் ஜர்னி' என்ற புத்தகத்தில் பழைய காட்சிகளைத் திரும்பப் பார்க்கலாம். கூட்டம் அவசரப்படுகிறதே என்று மனசில்லாமல் ஒரு காட்சியைத் தள்ளிவிட்டவர்களுக்கு இதுதான் ஆறுதல்.

கூட்டமே வேண்டாம், கதை மட்டும் போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2019-இல் ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கத்தோடு ட்ரஸ்ட் வந்தது. கதையில் கூட வருகிற பாத்திரங்களே டஞ்சனிலும் கூட வந்து சண்டை போடுவார்கள். 6.1 முதல் டியூட்டி சப்போர்ட் என்ற பெயரில் அதையே முதல் பதிப்பின் கதை டஞ்சன்களுக்கும் கொண்டுவந்து, பிறகு மற்ற விரிவாக்கங்களுக்கும் நீட்டினார்கள். கட்சீனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், இந்தத் தோழர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். கதைப்படி கூட இருக்க வேண்டியவர்களே உண்மையில் கூட இருப்பதால் சில டஞ்சன்கள் இப்படி ஆடும்போதுதான் பொருந்தி நிற்கின்றன. ஆனால் மெதுவாகத்தான் போவார்கள். நல்ல மனிதக் கூட்டம் மூன்று கும்பல் எதிரிகளைச் சேர்த்து இழுத்து அடிக்கும் இடத்தில் இவர்கள் ஒவ்வொன்றாகத்தான் முடிப்பார்கள்.

ஆனால் கதை முழுவதையும் இப்படியே தனியாக முடித்துவிட முடியாது. டியூட்டி சப்போர்ட் நான்கு பேர் ஆடுபவற்றுக்குத்தான். எட்டுப் பேர் ட்ரையல்கள், அதாவது பாஸோடு மட்டும் மோதும் சண்டைகள், மனிதர்களோடுதான். 2024 ஜூலையில் வந்த டான்ட்ரெய்ல் விரிவாக்கத்தில் லெவல் 93, 99, 100 ஆகிய இடங்களில் அவை வரும். முதல் பதிப்புக்கும் அடுத்த விரிவாக்கமான ஹெவன்ஸ்வர்டுக்கும் நடுவே கிரிஸ்டல் டவர் தொடரின் மூன்று ரெய்டுகள் (பெருங்கூட்டச் சண்டைகள்) கட்டாயம். ஒவ்வொன்றிலும் 24 பேர். இவற்றுக்கு டியூட்டி ஃபைண்டரில் ஆள் கிடைக்கும், பயப்பட ஒன்றுமில்லை. 24 பேர் சண்டையில் ஒருவர் தடுமாறினாலும் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதுவரை சொன்னது முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது. இரண்டு நண்பர்கள், அல்லது கணவன் மனைவி, கதையை முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்தே பார்க்க நினைத்தால் நிலைமை வேறு. இங்கேதான் இந்த ஆட்டம் நம்மைக் கைவிடுகிறது.

முதல் அடி பாத்திரம் உருவாக்கும்போதே விழும். தொடங்கும் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்கும் கிளாஸ்தான் (பாத்திரத்தின் சண்டைத் தொழில்) முடிவு செய்கிறது. கன்ஜுரர், ஆர்ச்சர், லான்ஸர் எடுத்தால் கிரிடேனியா. கிளாடியேட்டர், பியூஜிலிஸ்ட், தாமடர்ஜ் எடுத்தால் உல்டா. மராடர், ஆர்க்கனிஸ்ட் எடுத்தால் லிம்ஸா லொமின்ஸா. ஒருவர் டேங்க் (அடியைத் தாங்குபவர்), ஒருவர் ஹீலர் (காயம் ஆற்றுபவர்) என்று ஆசையாகப் பிரித்துக்கொண்டால் இருவரும் வேறு வேறு ஊரில்தான் கண் விழிப்பார்கள். கதை அவர்களை விமானக் கப்பலில் ஏற்றி மூன்று ஊரையும் இணைக்கும்போது லெவல் 15-ஐ நெருங்கியிருப்பார்கள். பல ஜோடிகள் இந்த இடத்திலேயே அலுத்துப் போகிறார்கள், முதல் வார உற்சாகம் முழுக்கத் தனித்தனியாகக் கரைந்துவிடுகிறது.

இதற்கு நல்ல வழி, இருவரும் லிம்ஸாவில் தொடங்குவது. ஒருவர் மராடர், அது டேங்க். மற்றவர் ஆர்க்கனிஸ்ட். ஆர்க்கனிஸ்ட் ஆரம்பத்தில் டிபிஎஸ்தான் (எதிரியை அடிப்பவர்), ஆனால் லெவல் 30-இல் ஸ்காலர் திறக்கும், அது ஹீலர். ஆர்க்கனிஸ்டின் இன்னொரு வளர்ச்சியான சம்மனருக்கும் ஸ்காலருக்கும் ஒரே லெவல் பொதுவாக ஏறும் என்பதால் ஹீலரைத் தனியாக லெவல் ஏற்ற வேண்டியதில்லை. நான்கு பேர் கூட்டத்தின் அமைப்பு ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டிபிஎஸ். டேங்கும் ஹீலரும் உங்கள் வீட்டிலேயே இருந்தால் க்யூவில் காத்திருப்பு மிகக் குறைவு. இருவருமே டிபிஎஸ் என்றால் இருக்கிற இரண்டு இடத்தையும் நீங்களே அடைத்துக்கொண்டு டேங்குக்காகக் காத்துக் கிடக்க வேண்டும்.

அடுத்தது, முக்கியக் கதைக் குவெஸ்ட் (கதையை நகர்த்தும் பணி) ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒருவர் முடித்தால் மற்றவருக்கு முடிந்ததாக ஆகாது. பக்கத்தில் நின்று ஒரே மனிதரிடம் பேசினாலும் காட்சி இருவர் திரையிலும் தனித்தனியாகத்தான் ஓடும். பல கதைச் சண்டைகள் ஒருவர் மட்டும் நுழைபவை, கூட்டாளி வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு டஞ்சனுக்குக் கூட்டாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் கூட்டத்தில் எல்லோரும் அதைத் திறந்திருக்க வேண்டும். ஒருவர் இரண்டு குவெஸ்ட் பின்தங்கினாலும் கதவு திறக்காது.

ஆகவே ஒவ்வொரு அடியும் சேர்ந்து வைப்போம் என்று தொடங்காதீர்கள். சந்திக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, நடுவில் அவரவர் வேகத்தில் போங்கள். முதல் பதிப்பில் கதை உங்களைக் கூட்டமாக இழுக்கும் இடங்கள், அவற்றின் லெவலோடு, இவை: சஸ்டாஷா 15, டாம்-டாரா 16, காப்பர்பெல் 17, இஃப்ரிட் 20, டோட்டோ-ராக் 24, ஹாக்கே மேனர் 28, பிரேஃப்ளாக்ஸ் 32, டைட்டன் 34, ஸ்டோன் விஜில் 41, கருடா 44, பிறகு 50-இல் காஸ்ட்ரம். பட்டியலைப் பார்த்தாலே இடைவெளி எங்கே என்று தெரியும். 15 முதல் 20 வரை அடிக்கடி சந்திப்பீர்கள். டைட்டனுக்கும் ஸ்டோன் விஜிலுக்கும் நடுவே ஏழு லெவல் வெறும் ஓட்டமும் பேச்சும்தான். ஜோடிகள் பிரிந்துபோகும் இன்னொரு இடம் அது. கதைக்குக் கட்டாயமில்லாத சங்கன் டெம்பிள் ஆஃப் கார்ன் லெவல் 35-இலும், கட்டர்ஸ் க்ரை 38-இலும் இருக்கின்றன. அவற்றை அங்கே செருகிக்கொண்டால் அந்தப் பாலைவனம் கடக்கக்கூடியதாகிறது. ஹெவன்ஸ்வர்ட் முதல் பெரும்பாலும் ஒற்றைப்படை லெவல்களில் டஞ்சன் வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முக்கியமான காட்சிகளை ஒன்றாகப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் குரல் அழைப்பில் இருந்துகொண்டு, மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் கதைப் பாத்திரத்திடம் பேசத் தொடங்கலாம். குரல் கொடுக்கப்பட்ட காட்சிகளில் வசனத்தைத் தானாக நகரவிடும் அமைப்பை இருவரும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் ஓரளவு சேர்ந்தே ஓடும். ஆனால் பெரும்பாலான காட்சிகளில் குரலே கிடையாது, வாசித்து வாசித்துத்தான் நகர்த்த வேண்டும். ஆட்டத்தின் உலகப் பதிப்பு இருப்பது ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில்தான். அதிலும் ஆங்கில வசனம் பழைய நடை கலந்தது, எளிதல்ல. இருவரின் ஆங்கில வாசிப்பு வேகமும் வேறுபட்டால், வேகமாக வாசிப்பவர் காத்திருக்கப் பழக வேண்டும்.

சேர்ந்து பார்ப்பது என்ற ஒன்றில் மட்டும் பார்த்தால், 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் இன்றும் இதை மிஞ்சி நிற்கிறது. அங்கே உரையாடல் பெரும்பாலும் குரலோடு வரும், கூட்டமாகவே நடக்கும். கேள்வி வரும்போது ஒவ்வொருவரும் பதிலைத் தேர்ந்தெடுக்கலாம். பகடை உருட்டியதுபோல் எண் விழுந்து, அதிகம் பெற்றவரின் பாத்திரம் பேசும். நன்மை தீமைப் புள்ளி மட்டும் அவரவர் தேர்ந்தெடுத்ததற்கே சேரும். தூரத்தில் இருக்கும் கூட்டாளி ஹோலோகிராமாக வந்து பேச்சில் கலந்துகொள்ளலாம். உங்கள் ஆள் கைதியை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சும்போது நண்பனின் ஆள் முந்திக்கொண்டு சுட்டுவிடுவது, கட்சீனையே ஒரு கூட்டு விளையாட்டாக்கிவிடுகிறது. அதன் பலவீனமும் அங்கேதான். பிளாக் டாலன், எசெலெஸ் போன்ற முதல் ஃப்ளாஷ்பாயிண்டுகளில் (அந்த ஆட்டத்தின் டஞ்சன்களில்) பேச்சு அதிகம். முன்பின் தெரியாதவர்களோடு போனால், ஒருவர் தள்ளாமல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காட்சியைத் தள்ள ஸ்பேஸ்பாரை அழுத்து என்று சாட்டில் கூச்சல் எழும். நண்பர்களோடு ஆடினால் சொர்க்கம், அந்நியர்களோடு ஆடினால் சண்டை. ஃபைனல் ஃபேன்டஸி இதற்கு நேர் எதிர்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வேறு மூலையிலிருந்து வந்தது. 2019-இல் 8.2.5 பேட்சில் பார்ட்டி சிங்க் கொண்டுவந்து, கூட்டத்தில் எல்லோரையும் ஒரே குவெஸ்ட் படியில் நிறுத்தியது. கில்டு வார்ஸ் 2-இல் ஒருவரின் கதை அறைக்குள் மற்றவர்கள் நுழையலாம், அதே படியில் இருப்பவர்கள் முடிந்தபின் அந்த முன்னேற்றத்தைத் தங்களுக்கும் ஏற்றுக்கொள்ளலாம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றையாவது ஃபைனல் ஃபேன்டஸி 14 எடுத்துக்கொண்டிருக்கலாம். பழைய டஞ்சன்களைப் பிரித்து அடுக்கும் அளவுக்கு உழைத்தவர்கள், இரண்டு நண்பர்கள் ஒரே காட்சியை ஒன்றாகத் தொடங்கும் ஒரு பொத்தானை இன்னும் வைக்காதது பெரிய குறை.

யாருக்கு வாங்கச் சொல்வோம்? தனியாகக் கதை பார்த்துக்கொண்டு, அவ்வப்போது அந்நியர்களோடு சண்டை போடுகிறவருக்குத் தயங்காமல் சொல்லலாம். இந்த இரண்டையும் இவ்வளவு சுமுகமாக ஒரே ஆட்டத்தில் வேறு யாரும் தரவில்லை. ஏற்கெனவே கதை முடித்த நண்பர் ஒருவர் கூட இருந்து கை பிடித்துக் கூட்டிப் போகிறார் என்றாலும் நன்று. லெவல் இறக்கம் இருப்பதால் அவரும் உங்களோடு சமமாகவே ஆடுவார், ஆனால் அவர் கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதவராக இருக்க வேண்டும். இரண்டு புதியவர்கள் என்றால் மேலே சொன்ன சந்திப்புத் திட்டத்தோடு மட்டும். மாலையில் ஒரு மணி நேரம், அதிலும் முழுக்கச் சண்டைதான் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது. பணம் கொடுத்துக் கதையைத் தாண்டும் 'டேல்ஸ் ஆஃப் அட்வென்சர்' பொருளும் விற்கிறார்கள். முதல் முறை ஆடுகிறவர் அதைத் தொடவே வேண்டாம். கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவதற்கு இதைவிட வேகமான ஆட்டங்கள் சந்தையில் உண்டு. டான்ட்ரெய்லின் முதல் பாதி மட்டும், கதைப் பிரியர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும் அளவுக்குப் பேச்சு மிகுந்தது.

காசு போடுவதற்கு முன்பு இலவசச் சோதனைப் பதிப்பைத் தொடங்குங்கள். 2023 அக்டோபரிலிருந்து அது முதல் பதிப்பு, ஹெவன்ஸ்வர்ட், ஸ்டார்ம்பிளட் மூன்றையும் லெவல் 70 வரை தருகிறது, நாள் கணக்கு கிடையாது. மேலே சொன்ன கட்சீன், டஞ்சன் எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துவிடலாம். கில் (ஆட்டப் பணம்) மூன்று லட்சத்துக்கு மேல் சேராது, ஆட்டக்காரர்கள் பொருள் வாங்கி விற்கும் சந்தைப் பலகை கிடையாது. சோதனைக் கணக்கில் இருப்பவர் பார்ட்டி (கூட்டம்) உருவாக்க முடியாது, அதனால் இருவரில் ஒருவர் மட்டும் பணம் கட்டியிருந்தால் அழைப்பு அவரிடமிருந்துதான் வர வேண்டும். இந்தியாவில் டேட்டா சென்டர் இல்லை. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா ஆகிய நான்கு பகுதிகளில் ஒன்றிலுள்ள டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் ஒரே டேட்டா சென்டரில் இருக்கும்படி முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கை முழுப் பதிப்புக்கு மாற்றிவிட்டால் அது மறுபடி இலவசத்துக்குத் திரும்பாது, பிறகு மாதச் சந்தா கட்டினால்தான் உள்ளே போக முடியும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் அடுத்த விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும்.